சில்லுக்கோடு

கருத்துக் கேட்புக் கூட்டம் என்பது பெரியமுனைக்குப் பழகிப்போன ஒன்று. அனல்மின் நிலையத்துக்கு ஒன்று, கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைக்கு ஒன்று, துறைமுக விரிவாக்கத்துக்கு ஒன்று என்று அந்தக் கடற்கரை ஊர் பார்க்காத கூட்டமில்லை. மேடையில் கலெக்டர், தண்ணீர் பாட்டில்கள், ஓரத்தில் போலீஸ். ஒவ்வொரு முறையும் ஊர் வேண்டாம் என்றுதான் சொல்லியிருக்கிறது. ஒவ்வொரு திட்டமும் வந்துதான் இருக்கிறது. இந்த முறை கேட்க வந்திருந்தது, மனித குலத்தைக் காப்பாற்றலாமா வேண்டாமா என்று.

சமுதாயக் கூடத்தில் மின்விசிறிகள் சுற்றியும் புழுக்கம் தாங்கவில்லை. டாக்டர் நறுமுகை மைக்கைச் சரிசெய்துகொண்டு எழுந்து நின்றாள். விண்கற்களின் பாதையைக் கணக்கிடுவது அவள் வேலை. பெங்களூரில் ஒரு அறையில் திரைக்கு முன்னால் உட்கார்ந்து செய்கிற வேலை. உலக நாடுகள் சேர்ந்து அமைத்த புவிக்காப்பு மன்றம், தமிழ் தெரிந்தவள் என்பதால் அவளை இங்கே அனுப்பியிருந்தது.

"ஊர்சுற்றின்னு பேப்பர்ல படிச்சிருப்பீங்க," என்று ஆரம்பித்தாள். "ஒரு மலை அளவுக் கல்லு. இன்னும் பதினோரு வருஷத்துல பூமிப் பக்கம் வருது. மோதாமப் போறதுக்குத்தான் வாய்ப்பு அதிகம். நூத்துக்கு மூணு பங்கு மட்டும் மோதலாம். மோதினா இந்த ஊரு, அந்த ஊருன்னு இல்ல. பல வருஷத்துக்கு வெயிலே இருக்காது. பயிர் இருக்காது. யாரும் மிஞ்ச மாட்டோம்."

பின்வரிசையில் ஒரு குழந்தை மட்டும் அழுதது.

"நூறு தடவை கடலுக்குப் போனா மூணு தடவை திரும்பாத படகுன்னு தெரிஞ்சா அதுல ஏறுவீங்களா?" சென்னையில் பயிற்சி கொடுத்தவர்கள் சொல்லித்தந்த உவமை அது.

"அப்படித்தானேம்மா போயிட்டு இருக்கோம்," என்றார் முன்வரிசையில் இருந்த விசைப்படகுச் சங்கத் தலைவர் கஸ்பார். கூடமே சிரித்தது. நறுமுகைக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அதற்குப் பிறகு பயிற்சியில் சொன்னதை எல்லாம் விட்டுவிட்டாள்.

எளிமையாகச் சொன்னாள். கல்லுக்குப் பக்கத்தில் ஒரு அணுகுண்டை வெடிக்க வைத்தால் அது பாதை விலகிப் போய்விடும். அதில் சந்தேகமில்லை. ஆனால் வெடிக்கும்போது ஒரு சில்லு பிய்ந்துகொள்ளக் கூடும். அந்தச் சில்லு பெரிய கல்லோடு சேர்ந்தே பயணம் செய்து, பதினோராவது வருஷம் பூமியில் விழலாம். அதற்கு வாய்ப்பு ஆயிரத்தில் ஒன்று. விழுந்தால் விழுந்த இடத்தில் ஒரு மாவட்டம் காலி. உலகத்துக்கு வேறு ஒன்றும் ஆகாது. எந்த நேரத்தில் குண்டை வெடிக்கிறோமோ அதைப் பொறுத்து, சில்லு விழக்கூடிய இடங்கள் பூமியில் ஒரு நீளமான கோடாக அமையும். பொருத்தமான நேரங்கள் நான்கு. அதனால் கோடுகளும் நான்கு. ஒவ்வொன்றும் பெரும்பாலும் கடல் மேல்தான் போகிறது. ஆனால் ஒவ்வொன்றும் எங்கேயாவது ஓரிடத்தில் நிலத்தைத் தொடுகிறது. நான்காவது கோடு தொடுவது பெரியமுனையை.

"கோட்டுக்குக் கீழ இருக்கிற ஜனங்க சம்மதிக்காம வெடிக்கக் கூடாதுன்னு உலக ஒப்பந்தம். நாலு இடத்துலயும் இதே மாதிரிக் கேக்குறாங்க. எல்லாரும் சரின்னு சொன்னா சீட்டுக் குலுக்கி ஒரு கோட்டை எடுப்பாங்க. விழுற அன்னைக்கு முன்னாடியே எல்லாரையும் பத்திரமா வெளியேத்திடுவாங்க. உயிருக்கு ஒண்ணும் ஆகாது."

கஸ்பார் எழுந்தார். வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு நிதானமாகப் பேசினார்.

"ஒண்ணு சொல்லுதேன் டாக்டரம்மா. கல்லு விழுந்து எல்லாரும் ஒண்ணாப் போனா அது ஆண்டவன் சித்தம். சில்லு விழுந்து எங்க ஊரு மட்டும் போனா அது நீங்க செஞ்சது. மொதலாவத நாங்க தாங்கிக்கிடுவோம். ரெண்டாவத எப்படித் தாங்குறது?"

கூடம் தலையாட்டியது. மூன்றும் நூறும், ஒன்றும் ஆயிரமும் நறுமுகையின் நாக்கு நுனியில் இருந்தன. அவற்றால் இதைத் தொடக்கூட முடியாது என்று தெரிந்தது.

அப்போதுதான் சலேத் மேரி எழுந்தாள். ஐம்பது வயதை நெருங்கிக்கொண்டிருந்தாள். கணவன் இறந்தபிறகு அவனுடைய ஐஸ் கம்பெனியைத் தனியாக நடத்திக்கொண்டிருப்பவள். படகுகளுக்கு ஐஸ் அவளிடமிருந்துதான் போகும் என்பதால் ஊரில் அவள் பேச்சுக்கு மதிப்பிருந்தது.

"ஏம்மா, நீங்க உங்க வீட்டக் கொண்டாந்து இந்தக் கோட்டுக்குக் கீழ வைப்பீகளா?"

இந்தக் கேள்வி வரும் என்று பயிற்சியில் சொல்லியிருந்தார்கள். வைப்பேன் என்று தயங்காமல் சொல்ல வேண்டும் என்றும் சொல்லியிருந்தார்கள். நறுமுகை வாயைத் திறந்தாள். முதல் வகுப்புப் படிக்கும் மகள் இதழியின் முகம் நினைவுக்கு வந்தது.

"மாட்டேன்க்கா," என்றாள். "எனக்கு ஒரு பொண்ணு இருக்கா. ஆயிரத்துல ஒண்ணுன்னு கணக்குப் போட்டதே நான்தான். இருந்தாலும் அவளைக் கூட்டிட்டு இங்க வரமாட்டேன்."

கலெக்டர் குனிந்து செல்போனைப் பார்க்கத் தொடங்கினார்.

"பெறவு எங்ககிட்ட மட்டும் ஏன் கேக்க வாறீக?"

"வேற யாரைக் கேக்குறதுன்னு தெரியலக்கா. எங்கயாவது யாராவது சரின்னு சொல்லணும். இல்லன்னா யாரும் கையை வைக்க மாட்டாங்க. அந்த நூத்துல மூணு அப்படியே நிக்கும். என் பொண்ணுக்கும், உங்க பிள்ளைங்களுக்கும்."

சலேத் மேரி உட்கார்ந்தாள். கைதூக்கச் சொன்னபோது முதலில் எழுந்தது அவள் கைதான். அவளைப் பார்த்து அவளுடைய மகள் ஜெனிஷா, அப்புறம் அந்த வரிசை, அப்புறம் கூடத்தில் பாதிக்கு மேல். கஸ்பார் கடைசிவரை கையைத் தூக்கவில்லை.

கூட்டம் கலைந்ததும் வாசலில் டீ கொடுத்தார்கள். நறுமுகை சலேத் மேரியிடம் போய், ஏன் சம்மதித்தீர்கள் என்று கேட்டாள்.

"இதுவரைக்கும் வந்த ஆபீசர் அத்தன பேரும், இங்கயே வீடு கட்டி இருப்பேன், எங்க அம்மாவக் கூட்டியாந்து வைப்பேன்னுதான் சொன்னாக. நீங்க ஒருத்திதான் மாட்டேன்னு சொன்னது. அப்பதான் எனக்குக் கல்லு நெசமா வருதுன்னு தோணிச்சு."

*

மற்ற மூன்று இடங்களின் முடிவு அடுத்தடுத்து வந்தது. ஒரு செழிப்பான நாட்டில் கூட்டத்துக்கு ஒருவர்கூட வரவில்லை. காலி நாற்காலிகளைப் படம் எடுத்துப் போட்டிருந்தார்கள். இன்னொரு நாட்டில் நகரமே தெருவுக்கு வந்து ஊர்வலம் போனது. எங்கள் வானம் எங்களுடையது என்று பதாகை பிடித்தார்கள். மூன்றாவது நாடு, தேர்தல் முடிந்தபிறகு பரிசீலிக்கிறோம் என்றது.

சீட்டுக் குலுக்க வேண்டிய அவசியமே இல்லாமல் போனது.

நறுமுகை தன் இயக்குநர் அஸ்வத்தின் அறைக்குப் போனாள். "சார், சீட்டுன்னு சொல்லித்தான் நான் கேட்டேன். அவங்க நாலுல ஒரு பங்குக்குத்தான் சம்மதிச்சாங்க."

"சம்மதம்னா சம்மதம்தானேம்மா."

"திரும்பப் போய்க் கேக்கலாம். இப்ப நிலைமை இதுதான்னு சொல்லி."

"மாட்டோம்னு சொல்லிட்டா?" அஸ்வத் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். கெட்ட மனிதர் இல்லை. பல நாட்களாகச் சரியாகத் தூங்காதவரைப் போல இருந்தார். "மறுத்தவங்க தலையில வைக்க முடியாது. சம்மதிச்சவங்க தலையிலதான் வைக்க முடியும். இது அநியாயம்னு எனக்கும் தெரியும். வேற வழி இருந்தா சொல்லு, இப்பவே எழுதுறேன்."

அவள் யோசித்தாள். அன்றைக்கும், அதற்குப் பிறகு வந்த எத்தனையோ நாட்களும் யோசித்தாள். வழி எதுவும் கிடைக்கவில்லை.

உலகப் படத்தில் கோடு சிவப்பில் வரையப்பட்டது. எல்லோருடைய செல்போனிலும் அது தெரிந்தது. இரண்டு விரலால் பெரிதாக்கினால் பெரியமுனையின் மாதா கோயில் கோபுரத்தை ஒட்டியே அது போவதைப் பார்க்கலாம். அன்றையிலிருந்து அந்த ஊருக்குச் சில்லுக்கோடு என்று பெயர் வந்துவிட்டது.

குண்டு வெடிக்க இன்னும் ஐந்து வருஷம் இருந்தது. வானத்தில் எதுவும் நடந்திருக்கவில்லை. ஆனாலும் தூத்துக்குடிச் சந்தையில் கோட்டு மீன் வேண்டாம் என்று ஒதுக்கினார்கள். கதிர்வீச்சு இருக்குமாம். துறைமுகத்தின் அடுத்த கட்ட விரிவாக்கம் வடக்கே வேறு ஊருக்குப் போனது. கட்டிக்கொண்டிருந்த ஆஸ்பத்திரி தூண்களோடு நின்றது. பள்ளிக்கூடத்துக்கு வந்த வாத்தியார்கள் சேர்ந்த மாதமே மாற்றலுக்கு அலைந்தார்கள். கஸ்பார் படகை விற்றுவிட்டு மகனிடம் கொல்லத்துக்குப் போய்விட்டார். போகிற அன்று யாரையும் குறை சொல்லவில்லை என்று சலேத் மேரி போனில் சொன்னாள்.

சலேத் மேரி மாதம் ஒருமுறையாவது கூப்பிடுவாள். திட்ட மாட்டாள். அதுதான் நறுமுகைக்குக் கஷ்டமாக இருந்தது.

ஒருநாள் ஜெனிஷாவின் கல்யாணம் நின்றுபோன செய்தியைச் சொன்னாள். மாப்பிள்ளை வீடு திருச்செந்தூர்ப் பக்கம். நிச்சயம் எல்லாம் முடிந்திருந்தது.

"பொண்ணு கல்யாணம் ஆகி அங்கதானேக்கா போகப்போறா? அவங்களுக்கு என்னவாம்?"

"அதத்தான் நானும் கேட்டேன். தலப்பிரசவத்துக்குப் பொண்ணு தாய்வீட்டுக்குத்தான வரணும், அங்க எப்படி அனுப்புறதுன்னு கேக்காக." சலேத் மேரியின் குரலில் கோபத்தைவிட ஆச்சரியம்தான் இருந்தது. "சில்லு விழுறதுன்னாலும் அதுக்கு இன்னும் எத்தன வருஷம் கெடக்கு. இவ பிரசவத்துக்கு வார அன்னைக்கே விழுந்துருமா?"

நறுமுகை தன்னால் ஆனதைச் செய்து பார்த்தாள். அமைச்சர்களைப் பார்த்தாள். தொலைக்காட்சி விவாதங்களுக்குப் போனாள். ஒரு விவாதத்தில் எதிரே உட்கார்ந்திருந்தவர், நூற்றில் மூன்றெல்லாம் ஒரு ஆபத்தா, ஏன் மேடம் ஜனங்களைப் பயமுறுத்துகிறீர்கள் என்று கேட்டார். விளம்பர இடைவேளைக்குப் பிறகு அதே ஆள், கோட்டு ஊரில் இன்னும் குழந்தைகளை வைத்திருக்கிறார்களே, அரசு என்ன செய்துகொண்டிருக்கிறது என்று பொங்கினார். இரண்டும் ஒருவர் வாயிலிருந்து வருவதில் யாருக்கும் முரண்பாடு தெரியவில்லை.

வீடு திரும்பும்போது காரில் அதையே நினைத்துக்கொண்டு வந்தாள். எல்லோரையும் கொல்லக்கூடிய ஆபத்துக்கு முகவரி இல்லை. அதனால் அதற்கு யாரும் பயப்படவில்லை. அதைவிட எவ்வளவோ சிறிய ஆபத்துக்கு ஒரு முகவரி இருந்தது. அந்த முகவரியை உலகம் ஒதுக்கி வைத்துவிட்டது. அந்த முகவரியை எழுதிக் கொடுத்தது அவள்.

ஐந்தாவது வருஷம் குண்டு வெடித்தது. கணக்கில் கண்டபடியே ஊர்சுற்றி பாதை விலகியது. மன்றத்தில் கைதட்டினார்கள், சிலர் அழுதார்கள். தூசியும் கற்பொடியும் சூழ்ந்திருந்ததால் சில்லு பிய்ந்ததா இல்லையா என்று தொலைநோக்கியில் தெரியவில்லை. அதனால் கோட்டை அழிக்க முடியாது என்று முடிவு செய்தார்கள். பெரியமுனை இன்னும் ஆறு வருஷம் சிவப்பிலேயே இருந்தது.

ஜெனிஷா வேலை தேடி மஸ்கட்டுக்குப் போய், அங்கேயே ஒரு மலையாளியைக் கல்யாணம் செய்துகொண்டாள். அனல்மின் நிலையம், கடல்நீர் ஆலை, துறைமுகம், பள்ளிக்கூடம் என்று ஒவ்வொன்றாக மூடினார்கள். ஐஸ் வாங்கப் படகில்லாமல் சலேத் மேரி கம்ப்ரசரை நிறுத்தினாள்.

*

ஊர்சுற்றி பூமியைக் கடந்த வாரத்தில் அரசு பஸ்கள் வந்து, மிச்சமிருந்தவர்களை மதுரைக்கு அழைத்துப் போயின. பூமியின் எல்லா மூலையிலும் மக்கள் மொட்டை மாடிகளில் நின்று பார்த்தார்கள். வானத்தில் ஒரு மங்கலான புள்ளி மெதுவாக நகர்ந்து போனது. அவ்வளவுதான். சில்லு எதுவும் விழவில்லை.

மறுநாளே கேலி ஆரம்பித்துவிட்டது. ஒன்றும் நடக்கவில்லை, ஆகவே ஒன்றும் இருந்ததில்லை என்று உலகம் முடிவு செய்துகொண்டது. அணுகுண்டு விற்றவர்கள் கட்டிய கதை என்றார்கள். நகைச்சுவை நிகழ்ச்சிகளில் விஞ்ஞானி வேடம் போட்டவர்கள் அண்ணாந்து பார்த்துக்கொண்டே சாக்கடையில் விழுந்தார்கள்.

இதழி அப்போது பிளஸ் டூ முடித்துக் கல்லூரியில் சேரக் காத்திருந்தாள். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது தட்டைப் பார்த்தபடியே கேட்டாள்.

"அம்மா, வெளியில சொல்லமாட்டேன். நெசமாவே அது மோதியிருக்குமா?"

"தெரியாதுடா. மோதாமப் போறதுக்குத்தான் வாய்ப்பு அதிகம்."

"அப்ப எதுக்கு இவ்வளவும்?"

நறுமுகை ரசத்தை ஊற்றிக்கொண்டாள். மகளுக்குச் சொல்ல வேண்டியது எல்லாமே அந்தக் கேள்விக்குள் இருந்தது. சொன்னால் அது தன்னை நியாயப்படுத்திக்கொள்வது போலத்தான் ஒலிக்கும். பெரியமுனை என்று ஒரு ஊர் இருந்தது என்று மட்டும் சொன்னாள். இதழி அந்தப் பெயரைக் கேட்டதே இல்லை. சில்லுக்கோடு என்றதும், ஓ, அந்த இடமா என்றாள்.

மதுரைக்குப் போனவர்களில் பெரும்பாலோர் திரும்பவில்லை. திரும்பிப் போக என்ன இருந்தது. பஸ்ஸில் போன எல்லோருடைய குடும்ப அட்டை, வாக்குரிமை எல்லாம் மதுரைக்கே மாற்றப்பட்டன. சலேத் மேரியும் இன்னும் இரண்டு மூன்று குடும்பங்களும் மட்டும் பஸ் பிடித்து ஊருக்கு வந்து சேர்ந்தார்கள்.

நான்கு வருஷம் கழித்து இன்னொரு கல்லைக் கண்டுபிடித்தார்கள்.

இது ஊர்சுற்றியைவிடச் சிறியது, ஆனால் வேகமானது. மோத வாய்ப்பு நூற்றில் இரண்டு. செய்தி வந்த அன்று நகரத்தில் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் லிஃப்டில் நறுமுகையைப் பார்த்து, என்ன மேடம், மறுபடியும் ஆரம்பிச்சுட்டீங்களா என்று சிரித்தார்.

மன்றத்தின் கூட்டத்தில் அஸ்வத் இல்லை. ஓய்வுபெற்றுவிட்டார். அவருடைய நாற்காலியில் தன்வந்த் என்ற இளைஞர் இருந்தார். சுறுசுறுப்பானவர், மரியாதையானவர்.

"போன தடவை கருத்துக் கேட்கவே ரொம்ப காலம் போச்சு. இந்தத் தடவை அது தேவையில்ல," என்றார். "குண்டு வெடிக்கிற நேரத்தைக் கொஞ்சம் மாத்தினா, ஆள் இல்லாத இடத்து மேல கோட்டைக் கொண்டு வந்துடலாம். யாரையும் கேட்க வேண்டியதில்ல. எந்த நாட்டுக்கும் ஆட்சேபம் இல்லைன்னு பதில் வந்துடுச்சு."

திரையில் படம் விரிந்தது. சிவப்புக் கோடு பழையபடி பெரியமுனை மேலேயே போடப்பட்டிருந்தது.

"அங்க ஆள் இருக்காங்க," என்றாள் நறுமுகை.

"பதிவுல இல்லையே மேடம்."

"பதிவுல இல்ல. ஊர்ல இருக்காங்க. எனக்குத் தெரியும்."

"எத்தனை பேர்?"

"மூணு நாலு குடும்பம்."

தன்வந்த் உண்மையான வருத்தத்தோடு அவளைப் பார்த்தார். "கருத்துக் கேட்பு நடத்தணும்னா நூறு பேராவது பதிவுல இருக்கணும்னு விதி, மேடம். விதியை மாத்தணும்னா மறுபடி எல்லா நாடும் உட்காரணும். இப்ப இருக்கிற மனநிலையில யாரு உட்காருவாங்க? இந்தக் கல்லைத் தள்ளுறதுக்கு இவ்வளவு பேர் ஒத்துக்கிட்டதே, யாருக்கும் பாதிப்பு இல்லைன்னு சொன்னதாலதான். நீங்க இப்ப ஆட்சேபம் எழுதினா திட்டமே நின்னு போகும். எழுதணும்னா எழுதுங்க. நான் தடுக்க மாட்டேன்."

அறையில் இருந்தவர்கள் அவளையே பார்த்தார்கள். நறுமுகையின் கை மேஜைமேல் இருந்தது. அவள் எழுதவில்லை.

அந்த வாரமே பெரியமுனைக்குப் போனாள். பஸ் இப்போது ஊர்வரை போவதில்லை. நெடுஞ்சாலையிலிருந்து ஊருக்குப் பிரியும் விலக்கில் இறங்கி, ஆட்டோக்காரரிடம் கெஞ்சி வர வேண்டியிருந்தது. தெருக்களில் உடைமுள் மண்டியிருந்தது. வீடுகளின் ஓடுகளை யாரோ கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள். சலேத் மேரி ஐஸ் கம்பெனி வாசலில் நெத்திலியைக் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். தலை முழுக்க நரைத்திருந்தது. அடையாளம் கண்டதும் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, உள்ளே போய் ஸ்டூல் எடுத்துவந்து போட்டாள்.

"இதழி என்ன படிக்கா?"

"இன்ஜினியரிங்க்கா. கடைசி வருஷம்."

"ஜெனிஷாவுக்கு ரெண்டாவதும் பொண்ணு. போட்டோ இருக்கு, பெறவு காட்டுதேன்."

நறுமுகை சொல்ல வந்ததைச் சொன்னாள். புதிய கல்லை, நூற்றில் இரண்டை, கோட்டை, பதிவை, விதியை. எழுத வேண்டிய ஆட்சேபத்தை எழுதாமல் எழுந்து வந்ததையும் சொன்னாள். சலேத் மேரி காக்கையை விரட்டியபடி கேட்டுக்கொண்டிருந்தாள். கடல் பக்கமிருந்து காற்று வீசிக்கொண்டே இருந்தது.

"அப்போ இந்தத் தடவ கேக்க வர மாட்டாகளா?"

"மாட்டாங்கக்கா."

"கலெக்டர்கூட?"

"யாரும் வரமாட்டாங்க."

சலேத் மேரி குனிந்து, காற்றில் ஒதுங்கிய நெத்திலிகளைப் பரப்பிவிட்டாள். அவள் கோபப்படட்டும் என்று நறுமுகை காத்திருந்தாள். அதைத் தாங்கிக்கொள்ளத் தயாராகத்தான் வந்திருந்தாள்.

"கேட்டிருந்தா சரின்னுதான் சொல்லியிருப்போம்," என்றாள் சலேத் மேரி. "அத அவுககிட்டச் சொல்லிருங்க."

நறுமுகை சொல்கிறேன் என்று தலையாட்டினாள்.